குப்பைத் தொட்டி திறக்கும் நேரம்

நான் சொன்னால் முன்னே பின்னே ஆகிவிடும், கண்ணு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழாவதோடு நின்றவள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல எனக்கு வராது. எங்கள் வீட்டுக்காரர் அதைச் சொல்லியே திட்டுவார், "நீ எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்து சொன்னா, யாரு செத்தாங்கன்னே கடைசியிலதான் தெரியும்" என்று. அதனால் நான் எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிட்டால் அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எழுதி வைத்துக்கொண்டதால் வந்த வினைதான் இவ்வளவும்.

உங்கள் மடியில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும்தான் கேட்கத் தோன்றியது. லேப்டாப்தானே அது? அதில் குப்பைத் தொட்டி சாயங்காலம் திறக்கிறதா? ஓ, திறக்கிறதா? வெள்ளிக்கிழமையும்? அப்படியானால் அது வேறு வகை, கடையில் விற்கிறது. பயமில்லை. திறக்காது என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து பின் சீட்டுக்குப் போயிருப்பேன்.

ஈரோடு போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன். பேர் மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் ஊர் கரட்டுப்பாளையம். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. அதற்கு மேல் மாடியில் ஒரே அறை, நாலு கம்ப்யூட்டர். கூட்டித் துடைத்து, நாலு மணிக்கு டீ வைத்துக் கொடுப்பது என் வேலை. அங்கே இருப்பது இரண்டே பேர். ஒப்பிலாமணி என்று ஒரு தம்பி, மைவிழி என்று ஒரு பெண். இரண்டும் நன்றாகப் படித்ததுகள். அதுகள் என்ன வேலை செய்கின்றன என்று ஒரு வருஷம் எனக்குத் தெரியாது. நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பொருளும் வெளியே போகாது, ஒரு பொருளும் உள்ளே வராது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளேயிருந்து ஒன்று எழுந்து வந்து எல்லாவற்றையும் நடத்துமாமே, அதைத்தான் இதுகள் செய்கின்றன. கடையில் விற்பது பூட்டி வைத்தது. இதுகள் செய்வது திறந்தது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். 'தடம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து செய்கிறார்களாம்.

"காட்டுக்குப் போற பொதுத்தடம் மாதிரிங்கக்கா. எல்லாருக்கும் சொந்தம்" என்றது தம்பி.

"எங்கூர்ல பொதுத்தடம்னாலே வெட்டுக்குத்துதானே?"

"இங்கயும் அப்படித்தானுங்கக்கா" என்று சிரித்தது.

என்ன குறை என்றால், யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தவர்களும் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பழையதற்கே போய்விடுகிறார்கள். சாதாரண மக்களுக்கு அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம். அதனால் சாதாரண ஆள் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, எங்கே எங்கே பயம் வருகிறது என்று பார்த்து, அதையெல்லாம் மாற்றிவிடலாம் என்று யோசனை. ஆனால் சாதாரண ஆள் கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் பி.காம். பால் சொசைட்டி கிளார்க் வந்து உட்கார்ந்தார், எனக்குத் தெரியாததா என்று ஒரு மணி நேரம் பேசினார், டீ குடித்தார், போய்விட்டார். ஆறு வாரம் தேடினார்கள், கண்ணு. அந்த ஆறு வாரமும் நான் அவர்கள் காலடியில்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம், "காலைத் தூக்குங்க தம்பி" என்றேன். தூக்கின காலை அது கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்தது.

"துளசிமணி அக்கா, நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

பேரைச் சொல்லிவிட்டேன், பாருங்கள். போகட்டும். நீங்கள் மறந்துவிடுங்கள்.

"ஏழாவது. அதுலயும் கணக்குல பெயிலு."

அதுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சந்தோஷப்பட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் மார்க்கைக் கேட்டு அதுவரை யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதுகள் நோட்டும் பேனாவுமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டன. மைவிழி சொன்னது: "நாங்க எதுவும் சொல்லித்தர மாட்டோமுங்கக்கா. மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லுங்க, போதும். நீங்க பண்றது எதுவும் தப்பில்லை. தப்பு வந்தா அது எங்க தப்பு."

எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அந்த மாதிரி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ஏதாவது கையெழுத்துக் கேட்பார்களோ என்று.

மனசில் தோன்றுவதைச் சொல் என்றால் என்னத்தைச் சொல்வது? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்துவிட்டேனோ என்று தோன்றியது, சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். என் நாத்தனார் சம்பூரணம் வைக்கிற குழம்பு தண்ணியாக இருக்கும், அதையும் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுவார்கள், அது தோன்றியது, சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அதற்குள் திரையில் ஒன்று வந்து நின்றது. பயனர் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று.

"ஏன் சாமி, வீட்டுக்கு வந்தவங்களை வாசப்படியிலயே நிறுத்தி, நீ யாரு, என்ன அடையாளம்னா கேப்பாங்க? வாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாதா?" என்றேன்.

பின்னால் பேனா ஓடுகிற சத்தம். மறுநாள் போய் உட்கார்ந்தால், திரை என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்கிறது. கீழே இரண்டு பட்டன். ஒன்று, 'குடிச்சுட்டுத்தான் வந்தேன்'. இன்னொன்று, 'கொண்டு வாங்க'. கொண்டு வாங்க என்பதை அழுத்தினால் அது ஒரு நிமிஷம் சும்மா நிற்கும். நாமே எழுந்து போய்க் குடித்துவிட்டு வர வேண்டும்.

அப்புறம் வேலையை முடிக்கிற இடம். அங்கே 'அணைத்துவிடு' என்று போட்டிருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நல்ல நாளும் அதுவுமாக நான் அதில் கை வைக்க மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். விளக்கையே நாம் அப்படிச் சொல்வதில்லை, இல்லையா? மறுநாள் அங்கே 'போயிட்டு வரேன்' என்று இருந்தது. அழுத்தினேன். உடனே படக்கென்று இருட்டாகிவிட்டது.

"இதென்ன, கிளம்பறேன்னு சொன்னதும் சரி போன்னு தொரத்தறது? ஒரு வார்த்தை இருன்னு சொல்ல வேண்டாமா?"

அதற்கும் பேனா ஓடியது. இப்போது போயிட்டு வரேன் என்று அழுத்தினால், "இருங்க, இப்பத்தானே வந்தீங்க" என்கிறது. மறுபடி அழுத்தினால், "ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமே" என்கிறது. மூன்றாம் தடவைதான், "சரி, பாத்துப் போயிட்டு வாங்க" என்று விடும்.

நான் இதையெல்லாம் செய் என்று சொல்லவில்லை. தோன்றியதைச் சொல் என்றார்கள், சொன்னேன். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால்.

குப்பைத் தொட்டிக்கு வருகிறேன். வேண்டாத காகிதம், படம் எல்லாவற்றையும் அதில் போடுவது. அப்புறம் தொட்டியையே ஒரு நாள் காலி பண்ணினால்தான் உள்ளே இடம் கிடைக்கும். ஒரு நாள் பேச்சில் நேரமாகி ஆறரை மணி ஆகிவிட்டது. "கடைசியா அந்தத் தொட்டியைக் காலி பண்ணுங்கக்கா" என்றது மைவிழி.

"வெளக்கு வச்ச பொறகா?"

"இது நெசக் குப்பை இல்லீங்கக்கா."

"நெசக் குப்பை இல்லேன்னா எதுக்குத் தொட்டி? பொழுது விழுந்த பொறகு குப்பையை வெளிய கொட்டினா லட்சுமியும் கூடவே போயிருவா. வெள்ளிக்கிழமை பகல்லயும் ஆகாது."

மைவிழி தம்பியைப் பார்த்தது. தம்பி, "பயனர் சொல்றதுதான் சட்டம். நாமதான அப்படி எழுதி ஒட்டியிருக்கோம்" என்றது. சுவரில் ஒட்டியும் இருந்தது. மைவிழி நாலு நாள் உட்கார்ந்து செய்தது. அவரவர் தங்கள் ஊர் என்று எதைக் குறித்திருக்கிறார்களோ, அந்த ஊரில் பொழுது விழுந்ததும் தொட்டி பூட்டிக்கொள்ளும். பொழுது விடிந்தால்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை நாள் பூராவும் பூட்டு. இதைச் செய்து முடித்துவிட்டு அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலில்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

வீட்டில் நான் தாளிக்க எண்ணெய் இல்லை என்று சொன்னாலும் காதில் வாங்க ஆள் கிடையாது. அங்கே நான் இருமினாலும் எழுதிக்கொண்டார்கள். அதற்காகப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த நாற்காலி மேல் ஆசையெல்லாம் இல்லை. நாலு மணிக்கு டீயைக் கொடுத்துவிட்டு, யாராவது உட்காரச் சொல்கிறார்களா என்று கொஞ்ச நேரம் நிற்பேன். அவ்வளவுதான்.

ஐப்பசி கடைசியில் அதை உலகத்துக்கு வெளியிட்டார்கள். கேசரி செய்து கொண்டுபோனேன். அப்போதுதான் மைவிழி காட்டியது, இதற்கு உழைத்தவர்கள் என்று ஒரு பட்டியல். அதில் முதல் பேர் என் பேர். 'முதன்மைப் பயனர்: துளசிமணி, கரட்டுப்பாளையம்.'

எனக்குக் கேசரி இறங்கவில்லை. "பேரை எடுத்துருங்க சாமி. ஊர் பேர் வேற போட்டிருக்கீங்க. யாராச்சும் தேடி வந்தா?"

"எடுக்க முடியாதுங்கக்கா. வெளியிட்டதை மாத்தணும்னா தொண்ணூறு நாள் எல்லாரும் பேசி ஒத்துக்கணும். அதுதான் எங்க விதி. எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது. எல்லாம் திறந்தது."

எல்லாம் என்றால் எல்லாம்தான். நான் வாய்விட்டுச் சொன்னதை எழுதிக்கொண்டார்களே, அதையும் தேதி போட்டு, இங்கிலீஷிலும் போட்டு, வெளியே வைத்திருக்கிறார்கள். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சம்பூரணம் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஜெராக்ஸ்.

"ஏனுங் அண்ணி, என்ற கொழம்பு தண்ணியா இருக்குதுன்னு ஜெர்மனிக்காரன்கிட்டச் சொன்னீங்களாமா?"

"நான் எங்கம்மிணி சொன்னேன்?"

"தேதி போட்டிருக்குது. மூணாந்தேதி ஒருக்கா, பதினொண்ணாந்தேதி ஒருக்கா." அவள் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டுங் அண்ணி. உங்களுக்கு இருக்குது."

அவள் சொன்னபடியே இருந்தது. கார்த்திகை பிறந்ததும் புகார் வர ஆரம்பித்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு புகார், கண்ணு. ரேஷன் கடையில்கூட என் பேரில் ஒரு புகார் கிடையாது. தம்பி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னது. ஜப்பானில் ஒரு பெரியவர், இத்தனை வருஷத்தில் கிளம்புகிறேன் என்றதும் இரு என்று தன்னிடம் சொன்னது இது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார். பாவம், அந்த மனுஷனை வீட்டுக்கு விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. "இது பாராட்டுங்கக்கா" என்று தம்பி சமாளித்தது. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொல்லியிருக்கும்.

எல்லாவற்றிலும் மோசம் நார்வேக்காரருடைய புகார். மீன் ஆராய்ச்சி செய்கிறவர். ஊர்ப் பேர் என் வாயில் நுழையாது. வடக்கே கோடியில் இருக்கிறதாம். அங்கே கார்த்திகையில் போகிற சூரியன் பொங்கல் கழிந்துதான் திரும்பி வருமாம். நடுவில் விடிவதே கிடையாது. விடிந்தால்தானே தொட்டி திறக்கும்? அவர் கடலுக்கு அடியில் ஒரு காமிரா வைத்திருக்கிறார். அது நொடிக்கு ஒரு படம் அனுப்பும். பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்தான் இருக்கும், அதைக் குப்பையில் போட்டுவிடுவார். போட்டுப் போட்டு நிறைந்துவிட்டது. இன்னும் ஒன்பது நாளில் உள்ளே இடமே இருக்காது, அப்புறம் மீன் வந்தாலும் படம் பதியாது, மூன்று வருஷ வேலை வீண் என்று எழுதியிருந்தார்.

"அவரு வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டேன். அது புகாரில் இல்லை.

ஒரு மனுஷன் இருட்டில் தன் குப்பைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார், என் வாயால். மாற்றுங்கள் என்றால், தொண்ணூறு நாள் விதி. அதற்குள் அவர் ஊரே விடிந்துவிடும், மீனும் போய்விடும். அவர் பக்கத்து ஆட்கள் இன்னொரு மனு போட்டிருந்தார்கள். அவசரக் கூட்டம் போட்டு, துளசிமணியை நீக்கு, வேறு சாதாரண ஆளை வை என்று. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எல்லா நாட்டுக்காரர்களும் திரையில் வருவார்கள், ஓட்டெடுப்பு நடக்கும், நானும் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டது தம்பி.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, போலீஸ் வருமா?"

அவர் பேப்பரை இறக்காமலே சொன்னார், "நார்வேலருந்தா? மாறி மாறி பஸ் புடிச்சு வரோணும். ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம் என்று நாள் கணக்கு வேறு.

அந்த வாரம் நான் இன்னொன்றும் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. எத்தனை மாதமாக அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்? எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. பிரிண்டர் நின்றுபோனால் நானே தட்டிவிட்டு ஓட வைப்பேன். ஆனால் தெரிந்ததாகக் காட்டினால் சாதாரண ஆள் வேலை போய்விடும் அல்லவா? அதனால் அதுகள் பின்னால் உட்கார்ந்தால், தெரிந்த பட்டனை விட்டுவிட்டு வேறு எதையாவது அழுத்துவேன். "அய்யய்யோ" என்பேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன், பிடித்துக்கொண்டு போனாலும் பார்க்க மரியாதையாக இருக்கட்டும் என்று. திரையில் சின்னச் சின்னக் கட்டம். கட்டத்துக்கு ஒரு முகம். நாற்பது பேர் இருக்கும். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மைவிழி எனக்குப் பக்கத்தில், நான் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல. "ஆரம்பிங்கக்கா" என்றது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

மைவிழி சொன்னது. அப்புறம் ஒரு அம்மா, ரொட்டியும் ஏதோ கிழங்கும் சாப்பிட்டேன் என்றாள். இன்னொருவர் இனிமேல்தான் என்றார். ஏன் இன்னும் சாப்பிடவில்லை என்று கேட்டேன். நாற்பது பேரும் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஒருவர் சமைக்க ஆளில்லை என்று கண் கலங்கிவிட்டார். ஓட்டெடுப்பை எல்லோரும் மறந்துபோன மாதிரி இருந்தது. ஆனால் மீன்காரர் மறக்கவில்லை. அவர் கட்டத்தில் ஒரு மேஜை விளக்கு மட்டும் எரிந்தது. பின்னால் ஜன்னல். அங்கே மணி காலை பதினொன்றாம். ஜன்னலுக்கு வெளியே அமாவாசை.

அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. "மைவிழி, அவருகிட்டச் சொல்லு. ஒருத்தர் விருந்தாளியாப் போனா, போன வீட்டு வெளக்குத்தான் கணக்கு. சொந்த வீட்டு வெளக்கு கணக்கில்லை. அவரு எங்கூருக்கு விருந்தாளியா வந்ததா வச்சுக்கட்டும். இங்க இப்ப நல்ல வெயிலு."

"எப்படிங்கக்கா வர்றது?"

"மேல வலது பக்கம் மணி காட்டுதில்ல, அதை அழுத்தச் சொல்லு. கீழ மூணாவது, ஊர்னு இருக்கும். அதுல நம்மூரு பேரைத் தட்டச் சொல்லு. வந்து நிக்கும்."

எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? தம்பிதான் சேர்த்திருந்தது. ஊர்ப் பாசம். கராச்சிக்கு அடுத்து கரட்டுப்பாளையம்.

மீன்காரர் குனிந்து தட்டினார். தொட்டி திறந்துகொண்டது. நாலு லட்சம் தண்ணீர்ப் படம், ஒரே நொடியில் காலி. அந்த மனுஷன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். மற்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். துளசிமணியை நீக்கத் தேவையில்லை என்று ஓட்டு விழுந்தது. ஒரு கை கூட எதிர்த்து எழவில்லை.

நான் நெஞ்சில் கை வைத்து, பழனி மலைப் பக்கமாகத் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். கண்ணைத் திறந்தால் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஊர் மாத்தற எடம் அங்க இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதை நாங்களே தேடித்தான் எடுப்போம்."

"சும்மா ஒரு குத்துமதிப்பா..."

"மூணாவதுன்னு சொன்னீங்களே." தம்பிக்குக் குரலே இறங்கிவிட்டது. "நீங்க இப்பச் சாதாரணப் பயனர் இல்லீங்கக்கா."

மறுநாள் நாலு மணிக்கு டீயோடு போகிறேன், நாற்காலியில் சம்பூரணம் உட்கார்ந்திருக்கிறாள். தலை நிறையக் கனகாம்பரம். "எனக்கு அஞ்சாவதுதானுங் தம்பி. அதுலயும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போயிட்டேன்" என்று நிமிர்ந்து சொல்கிறாள். அதுகள் இரண்டும் பரவசமாக எழுதுகின்றன. என்னைப் பார்த்ததும், "மனசுல தோணுறதைச் சொல்லலாமுங்களா? டீ தண்ணியா இருக்குது" என்றாள்.

அது போகட்டும். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. கேட்டதால் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லையா? சரி.

மீன்காரர் தன் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் இன்னும் நாலு பேரிடம். சாயங்காலத்துக்கு மேல் குப்பை கொட்ட வேண்டியவர்கள், பாதி ராத்திரியில் வேலை செய்கிறவர்கள், விடியாத ஊர்க்காரர்கள், எல்லோரும் ஊர் பேரைக் கரட்டுப்பாளையம் என்று மாற்றிக்கொண்டார்கள். கடிகாரமும் நம் ஊருக்கு மாறிவிடுமாம். மீன்காரர் அதையே வைத்துக்கொண்டாராம். நம் ஐந்து மணிக்கு எழுந்து, நம் ஒன்பதுக்குப் படுக்கிறார். எழுதியிருந்தார், இந்த மாதிரி ஒரு குளிர்காலத்தில் எப்போது தூங்குவது எப்போது எழுவது என்று தனக்குத் தெரிந்தது இதுதான் முதல் தடவை என்று. பார்த்தீர்களா, ஒரு மனுஷனை நேரம் காலம் இல்லாமல் எழுப்பிவிட்டேன்.

மாடியில் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. உலகப் படம். ஊரைச் சொல்லச் சம்மதித்தவர்களுக்கு ஒரு புள்ளி. அதையும் எல்லோரும் பார்க்கலாம், ஒளிவு மறைவு கிடையாது. எங்கள் ஊர்ப் புள்ளி முதலில் கடுகு மாதிரி இருந்தது. அப்புறம் எலுமிச்சை. போன வாரம் பூசணிக்காய் மாதிரி ஆகி இலங்கையை மறைத்துவிட்டது. எங்கள் ஊரில் மொத்தம் பதினோராயிரம் பேர். கம்ப்யூட்டர் நாற்பத்தோராயிரம்.

சனிக்கிழமை காலையில் ஒரு ஆபீசர் வந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் தெரியாது. ஜீப்பில் வந்தார், அது போதாதா? நான் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர் அந்தப் பூசணிக்காயைப் பார்த்து வாயைப் பிளந்தார். நாட்டிலேயே ஆளுக்கு நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒரே ஊர் இதுதானாம். விழா எடுக்கிறார்களாம், வளைவு வைக்கிறார்களாம். தம்பி விவரம் சொல்ல வாயைத் திறந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மேலே அறிக்கை போய்விட்டது, இனி ஒன்றும் சொல்லாதீர்கள் என்று.

"ஒரே ஒரு சர்டிபிகேட்தான் வேணும். இங்க நாப்பத்தோராயிரம் மெஷின் இருக்குன்னு பொறுப்பான ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். யாரு பொறுப்பு?"

"எங்க விதிப்படி, பட்டியல்ல முதல் பேர் யாரோ அவங்கதானுங்க சார்."

அவர் பட்டியலைப் பார்த்தார். "துளசிமணி. யாரு இவங்க? பெரிய என்ஜினியரா?"

என் கை வாளிக்குள் அப்படியே நின்றுவிட்டது. சம்பூரணம் நாற்காலியில் இருந்து திரும்பக்கூட இல்லை.

"எங்கண்ணன் பொண்டாட்டிதானுங்க. அதா, தொடைக்கறா பாருங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்ததைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "வெளையாடாதீங்கம்மா" என்றார் சம்பூரணத்திடம். தம்பியிடம், "அந்த மேடத்தைத் திங்கக்கிழமை பத்து மணிக்கு இருக்கச் சொல்லுங்க. நான் பேப்பரோட வரேன்" என்றார். நான் துடைக்க வசதியாகக் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்.

தப்பித்தேன் என்றுதான் இருந்தது, கண்ணு. நிம்மதிதான். வேறு என்ன இருக்கப்போகிறது? ஆனால் அவர் நின்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை துடைத்தேன்.

அவர் போனதும் தம்பி, "அக்கா, நீங்க திங்கக்கிழமை நல்ல சேலை கட்டிட்டு வந்துருங்க. நீங்கதான் அவங்கன்னு நான் சொல்றேன். ஒளிக்கக் கூடாது" என்றது. நல்ல பிள்ளை. அதுகளுக்கு ஜெயில் என்றால் என்னவென்று தெரியாது. இல்லாத நாற்பத்தோராயிரம் கம்ப்யூட்டருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்கு ஒருவர் எண்ணிப் பார்க்க வந்தால், ஜெராக்ஸ் கடையைச் சேர்த்தால்கூட நூறு தேறுமா?

திங்கட்கிழமை என்பது இன்றைக்குத்தான். மணி ஒன்பதரை. அவர் இந்நேரம் ஜீப்பில் ஏறியிருப்பார்.

காலை ஏழு மணிக்கு நான் மாடிக்குப் போனேன். கூட்டுகிறவள் கையில்தானே சாவி இருக்கும்? பெட்டியைப் போட்டேன். வாங்க, உக்காருங்க என்றது. உட்கார்ந்தேன். பேரை அழிக்க முடியாது, தொண்ணூறு நாள். ஆனால் பேருக்குப் பக்கத்தில் ஊர் வருகிறது பாருங்கள், அது அவரவர் குறித்து வைத்திருக்கிற ஊர். அதை மாற்ற எந்தக் கூட்டமும் வேண்டாம். மேலே வலது பக்கம், மணி. கீழே மூன்றாவது. மீன்காரர் ஊருக்கு என்ன எழுத்து என்று புகாரைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். பகல் மாதிரி இருந்த திரை அப்படியே கறுத்துவிட்டது.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். துளசிமணி, நார்வே.

அப்புறம் பெட்டியை மூடி, அறையைக் கூட்டி, சாவியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு இந்த பஸ்ஸில் ஏறினேன். ஈரோட்டில் தங்கச்சி இருக்கிறாள். ஒரு மாதம் அவள் வீட்டில் இருப்பேன். அந்த ஆபீசர் பேப்பரை எடுத்துக்கொண்டு நார்வேக்கே போய்த் தேடட்டும். பொங்கல் கழிந்துதான் அங்கே விடியுமாம். அதுவரைக்கும் பக்கத்தில் வந்து நின்றாலும் நான்தான் துளசிமணி என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.